வாசல் கோட்டில் ஒரு புளியங்கொட்டை

நான் தஞ்சாவூரில் எம்.எஸ்.டபிள்யூ. முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த சமயம் அது. மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து ரோடெல்லாம் வைக்கோல் கிடந்தது. சம்பவம் நடந்தது முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில். பிறந்து வளர்ந்த தெருவிலேயே கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, என் அம்மா முன்னால் யாரோ மாதிரி நிற்க வேண்டிய நிலை வந்தது எனக்கு. இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும். சிரித்து முடிப்பதற்குள் அன்றைக்கு அம்மா கேட்ட கேள்வி ஞாபகம் வந்துவிடும்.

எம்.எஸ்.டபிள்யூ. என்றால் சமூகப்பணியில் முதுகலை. நான் அதில் சேர்ந்தபோது எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கும் அது என்ன படிப்பு என்று பிடிபடவில்லை. "ஊருக்கு உழைக்கிறதுக்கு எதுக்கும்மா பட்டம்? சும்மாவே உழைக்கலாமே" என்றார் மாமா ஒருவர். அத்தா மட்டும் போனில், "புள்ள புடிச்சதைப் படிக்கட்டும்" என்று பேச்சை முடித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அப்பாவை அத்தா என்போம்.

அந்தப் படிப்பில் ஊரக முகாம் என்று ஒன்று உண்டு. வகுப்பே மூட்டை முடிச்சோடு ஒரு கிராமத்தில் போய்த் தங்கி, ஊர்க்காரர்களோடு பழகி, அந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும். சொந்த ஊரில் மட்டும் வேலை செய்யக் கூடாது என்பார்கள். தெரிந்த முகங்கள் கண்ணை மறைத்துவிடுமாம். எங்களுக்குப் பேசிவைத்திருந்த கிராமத்தில் தங்க இடமில்லை என்று கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்கள். வேறு யாருடைய ஊரிலாவது இடம் கிடைக்குமா என்று முகாமை நடத்தும் பேராசிரியையான மேடம் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலைதானே முதலில் கண்ணில் படும்? அப்படித்தான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எங்களுக்குத் தங்குமிடம் ஆனது.

அம்மாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். "அங்க வந்தா நான் ஸ்டூடண்ட்டும்மா. உங்களைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன். நீங்களும் காட்டிக்காதீங்க."

"சரி, சோத்துக்கு வந்து வாசல்ல நின்னா, யாரு வேணும்னு கேக்குறேன்" என்றார் அம்மா.

இங்கே அத்தாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில்தான் இருப்பார்கள். எந்த நாட்டுக்குப் போயிருந்தாலும் 'சபருக்குப் போயிருக்காங்க' என்றுதான் சொல்வோம். சபர் என்றால் பயணம். அத்தா ஒரு பெரிய மளிகைக் கடையின் கிடங்கில் வேலை பார்த்தார். நான் பிறப்பதற்கு முன்பே போனவர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். வரும்போதே திரும்பிப் போகும் டிக்கெட்டும் பையில் இருக்கும். இருக்கிற நாட்களில் பாதி விருந்திலேயே போய்விடும். 'இந்த ஒரு தடவை மட்டும், அப்புறம் வந்துடுவேன்' என்பார். முதலில் வீடு கட்ட என்றார், பிறகு மாடி எடுக்க என்றார், அதற்குப் பிறகு என் படிப்பு, தம்பியின் படிப்பு. எனக்கு அத்தா என்றால் போனில் வரும் ஒரு குரல், விமான நிலையத்தில் வாசனையோடு கட்டிப்பிடிக்கும் ஓர் ஆள், அவ்வளவுதான். அவர் வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து தும்மினார், காபி ஆறிவிட்டது என்று சலித்துக்கொண்டார் என்பதெல்லாம் என் நினைவில் ஒன்றுமே கிடையாது. பக்கத்து வீடுகளில் அப்பாமார்கள் உப்புச்சப்பில்லாத விஷயத்துக்குச் சத்தம் போடுவதைக் கேட்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அம்மா இதைப் பற்றி ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன். இது இந்த வருடமாவது முடியுமா, அத்தா நிரந்தரமாக வந்துவிடுவாரா என்ற கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் கேட்க மாட்டோம். கேட்டால் அடுத்தவர் மனசு சங்கடப்படும் என்று ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம்.

முகாமில் மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, ஒரு வியாழக்கிழமை மதியம், ஊர்ப் பெண்களைக் கொண்டே ஊரின் வரைபடத்தைப் போடவைக்கும் வேலை. காகிதத்தில் இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் தண்ணீர் தெளித்து, தரையில் கலர் கோலப்பொடியால் அவர்களே ரோடு, வாய்க்கால், வீடு எல்லாம் போட வேண்டும். நாங்கள் ஓரமாக நின்று பார்க்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது என்பது மேடத்தின் கண்டிப்பான உத்தரவு.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. எங்கள் தெருவில் யாரும் கோலம் போட மாட்டார்கள். பழக்கமே இல்லை. லுஹர் என்னும் மதியத் தொழுகை முடித்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த பெண்கள், பொடிக் கிண்ணங்களைப் பார்த்ததும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஒரு மாமி துணிந்து ஒரு பிடி அள்ளி ரோடு போட்டார். ரோடு ஒரே இடத்தில் குவியலாக விழுந்தது. அடுத்த தெருவிலிருந்து வந்திருந்த, வயல் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன மாமி, நாத்தங்காலுக்கு எரு போடுறீங்களா? விரலை நெகிழ விடுங்க."

"எங்களுக்கு வராதுடி. நீ கோட்டைப் போடு, நாங்க வீட்டைச் சொல்றோம்."

அதோடு கூச்சம் விட்டுப்போனது. அந்த அக்கா சரசரவென்று வாய்க்காலையும் ரோட்டையும் இழுத்துவிட்டார். பள்ளிவாசல், பிள்ளையார் கோயில், ரேஷன் கடை, பஸ் நிற்கும் இடம் எல்லாம் வந்தன. வீடுகள் வந்தபோது சண்டையும் வந்தது. "பாரு, அவ வீட்டு வாசலை ரோடு வரைக்கும் இழுத்துட்டா. நெசத்துலயும் இதைத்தானே பண்ணா!" என்று ஒருவர் சொல்ல, மைதானமே சிரித்தது. அம்மா கடைசியாக வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எங்கள் வீட்டை ஒரு சின்னச் சதுரமாகப் போட்டார். நான் நிற்கும் பக்கம் திரும்பவே இல்லை. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறாராம்.

அடுத்து புளியங்கொட்டை. ஒவ்வொரு வீட்டுச் சதுரத்துக்குள்ளும், அந்த வீட்டில் எத்தனை பேரோ அத்தனை புளியங்கொட்டைகளை வைக்க வேண்டும். இதை நடத்தியவள் சீர்காழிப் பக்கத்திலிருந்து வந்த என் வகுப்புத் தோழி. எள்ளளவும் பிசகாமல் வேலை செய்கிறவள்.

"அக்கா, இப்ப வீட்டுல தங்கி இருக்கிறவங்களுக்கு மட்டும் வைங்க. வெளியூர்ல, வெளிநாட்டுல இருக்கிறவங்களைச் சேர்க்காதீங்க" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஒரு ஊருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், எத்தனை பேருக்கு மருந்து வேண்டும் என்று பார்க்க, ஊரில் இருப்பவர்களைத்தான் எண்ண வேண்டும். நானே தேர்வில் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

"அப்ப எங்க தெருவுல ஆம்பளையே இல்லைன்னு ஆயிடுமே, புள்ள" என்றாள் புதிதாகக் கல்யாணமான ஒருத்தி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகக் குனிந்து கொட்டைகளை வைத்தார்கள். சிலர் எண்ணி வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப எடுத்தார்கள்.

அம்மா எங்கள் வீட்டுக்குள் தனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று வைத்தார். ஹாஸ்டலில் இருப்பதால் எனக்கு இல்லை. அந்தச் சட்டம் எனக்கு முன்பே தெரியும் என்றாலும் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன். இன்னொரு கொட்டை அம்மாவின் கையிலேயே இருந்தது. எழுந்திருக்காமல், குந்தியபடியே என் தோழியைப் பார்த்தார்.

"இவங்களை எங்க வைக்கிறதும்மா?"

"வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு நாளைக்கு வேற படம் போடுவோம்மா."

"நாளைக்கா? அதுவரைக்கும் கையிலயே வச்சிக்கிட்டு இருக்கவா?"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. ஏதோ கணக்குச் சரிபார்க்கிறவர் போல நிதானமாகத்தான் பேசினார். ஆனால் அந்தக் குரலை நான் எங்கள் வீட்டில் கேட்டதே இல்லை.

"நீ சொல்றது சரிதாம்மா. புள்ளைக்குக் காய்ச்சல்னா அவங்க இல்ல. எங்கம்மா மவுத்தாகி அடக்கம் பண்ணின அன்னைக்கு அவங்க இல்ல. பெருநாளைக்கு எல்லா வீட்டுலயும் ஆம்பளைங்க தொழுதுட்டு வர்றப்ப, எங்க வீட்டு வாசல்ல நான் யாருக்காக நிக்கிறேன்னு எனக்கே தெரியாது. ஆனா ராத்திரியில யாராவது கதவைத் தட்டி, வீட்டுல ஆம்பளை இல்லையான்னு கேட்டா, இருக்காங்கன்னுதான் சொல்றேன். இத்தனை வருஷமா அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். இதுல எது பொய்யின்னு நீயே சொல்லு."

என் தோழி மேடத்தைப் பார்த்தாள். உணர்ச்சிவசப்படாமல் கேட்க வேண்டும் என்று வகுப்பில் பாடம் எடுத்திருந்தார்கள். நான் அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு, தரையில் இருந்த மஞ்சள் பொடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'அம்மா' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். மேடம் என்ன, என் கழுத்தையா பிடித்திருப்பார்? கூப்பிட்டால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அம்மா தன் கையில் இருந்த கொட்டையை எங்கள் வீட்டு வாசல் கோட்டின் மேலேயே வைத்தார். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. பொடி கலையாமல் ஓர் அழுத்து அழுத்திவிட்டு எழுந்தார். பக்கத்தில் இருந்த மாமி, "அட, இது நல்லாருக்கே" என்று தன் வீட்டு வாசலில் ஒன்று வைத்தார். புதுக் கல்யாணக்காரி ஒன்று வைத்தாள். வயல் வேலைக்குப் போகும் அக்கா, திருப்பூரில் வேலைக்கு இருக்கும் தன் மகனுக்காக ஒன்று வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஊரில் பாதி வீடுகளின் வாசலில் ஒரு கொட்டை உட்கார்ந்திருந்தது.

"மேடம், இதை உள்ளேன்னு எழுதறதா, வெளியேன்னு எழுதறதா?" என்று என் தோழி மெதுவாகக் கேட்டாள்.

"வாசல்லன்னு எழுது" என்றார் மேடம்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் பெண்கள் கலைந்தார்கள். நான் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் ஏறி நின்று அந்தப் படத்தை போனில் எடுத்தேன். சாயங்காலம் வரை யோசித்தேன். முகாமில் நடப்பதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் நெறிதான். ஆனால் இது என் வீடு, என் அத்தா. அம்மா பேசியதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. படத்தை மட்டும் அத்தாவுக்கு அனுப்பிவைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அத்தாவுக்கு விடுமுறை. மேடம் பெரிய மனது பண்ணி, காலைச் சாப்பாட்டுக்கு என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். நான் இடியாப்பத்தில் கை வைத்த நேரம் அத்தாவிடமிருந்து போன். சந்தோஷமாக இருந்தார்.

"யம்மா, நம்ம ஊரை மேலேயிருந்து பாக்குற மாதிரியே இருக்கே. இது வாய்க்காலு, இது ரேஷன் கடை. சரியா? பள்ளிவாசலுக்குப் பின்னாடி ஒரு கோடு போகுதே, அது என்ன?"

"அது சந்து, அத்தா. புதுசா போட்டாங்க. ரெண்டு மூணு வருஷமாச்சு."

"நான் போன தடவை வந்தப்பவே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நான் பாக்கலையே" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு வீடு வீடாகக் கேட்டுக்கொண்டே வந்தார். இது யார் வீடு, அந்தக் கிணறு எங்கே போனது, அவர்கள் எப்போது மாடி எடுத்தார்கள் என்று. தன் சொந்த ஊரைப் பற்றி அவர் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நம்ம வீட்டுல ரெண்டு கொட்டை இருக்கு. வாசல்ல ஒண்ணு கெடக்கே. உருண்டு வந்துடுச்சா?"

அடுப்படியில் அம்மா இருந்தார். கேட்டுவிடப் போகிறாரே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "இல்லத்தா. அம்மா அங்கதான் வச்சாங்க. அது நீங்க."

அவருடைய அறையில் கூட இருப்பவர்கள் துணி துவைக்கும் சத்தமும் யாரோ பாடும் சத்தமும் மட்டும் கேட்டன. 'அத்தா' என்று நான் கூப்பிட வாயெடுக்கும்போது, "அம்மாட்ட குடு" என்றார்.

கொடுத்தேன். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். வெகுநேரம் 'ம்', 'ம்' என்பது மட்டும்தான். அத்தா என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசியில் அம்மா சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

"வர்றதுன்னா வாங்க. திரும்பிப் போறதுக்கு டிக்கெட் எடுத்துக்கிட்டு மட்டும் வராதீங்க."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "ஆறிப்போச்சு பாரு, சாப்பிடு" என்றார். கண் சிவந்திருந்தது. நான் எழுந்து போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "யாரு நீ? யாரு வேணும்?" என்று கேட்டார், கேட்டுக்கொண்டே அழுதார்.

அத்தா உடனே வந்துவிடவில்லை. நினைத்தவுடன் உதறிவிட்டு வர அது என்ன பக்கத்து ஊர் வேலையா? நான் இரண்டாம் வருடமும் முடித்த பிறகு, ஒரு வைகாசியில் வந்து இறங்கினார். திரும்பிப் போகும் டிக்கெட் இல்லை. ஆனால் விசா உயிரோடுதான் இருந்தது. அந்த நாட்டுக்கு வெளியே ஆறு மாதம் தாண்டினால் விசா செத்துப்போகும் என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்குள் எப்போது வேண்டுமானாலும் அவர் கிளம்பலாம். அந்த ஆறு மாதமும் அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. பீரோ மேலிருந்த அத்தாவின் பெரிய பெட்டியைத் தொடவும் இல்லை. கெடு முடிந்த அன்று அதை இறக்கித் துடைத்து, வீட்டில் கிடந்த பழைய போர்வைகளை எல்லாம் அதில் போட்டு மூடிவைத்தாராம். தம்பிதான் போனில் சொன்னான். 'இனிமே இது போர்வைப் பெட்டி' என்று அத்தாவே சொல்லிச் சிரித்தாராம்.

போனில் சொன்னான் என்றேனே, அதுதான் என் கதை. அத்தா வந்த மூன்றாவது வாரமே, விருந்துகள் ஓயும் முன்பே, எனக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. சமூகப்பணி படித்தவளுக்கு எங்கள் ஊரில் என்ன வேலை இருக்கிறது? இப்போது நான்தான் பையோடு வந்து பையோடு போகிறவள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போனால் எனக்கு விருந்துச் சாப்பாடு. வீட்டில் அத்தா பல் வலிக்கிறது என்று புலம்புகிறாராம், செய்தித்தாளைத் தம்பி முதலில் எடுத்துவிட்டான் என்று கோபித்துக்கொள்கிறாராம், கேரம் ஆடும்போது ஏமாற்றுகிறாராம். எல்லாமே எனக்குக் கேள்விப்பட்ட சேதிதான். நான் போகிற நாட்களில் அவர் என்னிடம் விருந்தாளியிடம் பேசுவது போல் பேசுகிறார். "எப்பம்மா திரும்ப வருவே?" என்று பஸ் ஏற்றிவிடும்போது கேட்கிறார். கொஞ்ச நாள்தான் அத்தா, அப்புறம் வந்துடுவேன் என்கிறேன்.

வெளி மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் தங்கியிருக்கும் அறைகளுக்குப் போய், அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதுவதுதான் இங்கே என் வேலை. முதல் கேள்வியே வீட்டில் எத்தனை பேர் என்பதுதான். 'இங்கேயா, ஊரிலேயா?' என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். நான் அவசரப்படுவதில்லை. பேனாவை மடியில் வைத்துவிட்டு, அவர்களாகச் சொல்லும்வரை உட்கார்ந்திருப்பேன். பல சமயம் அந்த ஒரு கேள்விக்கே அரை மணி நேரம் ஆகிவிடும். ஊரில் இருக்கும் குழந்தையின் படம் வரும், அம்மாவின் குரல் வரும்.

போன மாதம், நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கார அம்மா சாதாரணமாகக் கேட்டார்கள், "உங்க வீட்டுல எத்தனை பேருங்க?" என்று. நாலு பேர் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நாங்கள் நாலு பேரும் ஒரே கூரையின் கீழ், எந்த விசேஷமும் இல்லாமல், யாரும் ஊருக்குக் கிளம்பாமல், சும்மா ஒரு செவ்வாய்க்கிழமையில் ஒன்றாக உட்கார்ந்து பழைய குழம்பை ஊற்றிச் சாப்பிட்டது இதுவரை ஒரு நாள்கூடக் கிடையாது. அந்த ஒரு செவ்வாய்க்கிழமைக்காகத்தான் என் மனசு இன்னும் ஏங்கிக்கொண்டிருக்கிறது.